பிரேக் போட்டால் டொக்

மரக்கடைக்காரர் கொண்டுவந்த மரச்சட்டம் முதலில் அண்ணனின் காதோரம் இறங்கியது. அவன் நிமிர்வதற்குள் அவன் வலது கையை இழுத்து, மேசையில் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கிக்குள் திணித்துக் கைப்பிடியைச் சுற்றினார். இரும்புத் தாடைகள் நான்கு விரல்களைக் கவ்விக்கொண்டன.

தங்கை கிரீஸ் டப்பாவோடு அப்படியே நின்றாள். கார் பட்டறையில் அவர்கள் மூவரைத் தவிர யாருமில்லை.

"ஆக்சில மாத்தினீங்க. ரெண்டு பக்கமும் ஆர்ம மாத்தினீங்க," என்றார் மரக்கடைக்காரர். மூச்சு வாங்கியது. "நேத்து சம்பந்தியை ஏத்திக்கிட்டுப் போறேன். பிரேக் போட்டா டொக், எடுத்தா டொக். 'வண்டிக்குள்ளயும் மரம் அடுக்கியிருக்கீங்களோ'ன்னு சிரிச்சுட்டார் மனுஷன்."

"அவன் கையை விடுங்கய்யா. நான் பார்க்கிறேன்."

"பாரு. சத்தத்தை நிறுத்து. அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும்." கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முடுக்கினார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

"ஓடிடலாம்னு நினைக்காதே."

"வாசலைப் பூட்டிட்டீங்க, சாவி உங்க பையில. பறந்தா போவேன்?" கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

முற்றத்தில் நின்ற அவர் காரில் ஏறி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடித்தாள். கடகடப்பு இல்லை; ஆக்சில் நன்றாக இருந்தது. நேராக ஓட்டிப் பிரேக்கை மிதித்தாள். இடது காலடியில் டொக். மறுபடி எடுத்தாள். டொக்.

ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் புகுந்தாள். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில், போல்ட்டைச் சுற்றிப் புதிதாகப் போட்ட ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முடுக்கினால்தான் இப்படிக் கிழியும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டுவிடும். எதிலும் பொறுமை கிடையாது அண்ணனுக்கு. அவசரக்குடுக்கை. அடியிலிருந்தே அவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

அலமாரியில் இருந்த வேறொரு ஆர்மை மாட்டினாள். போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நீண்ட ஸ்பேனரோடு மறுபடி படுத்து முடுக்கினாள். வெளியே வந்தபோது மரக்கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இறக்கிட்டு முடுக்கின? இவன் தூக்கி வச்சபடியே இல்ல முடுக்கினான்? நான் பக்கத்துல டீ குடிச்சிட்டு நின்னேனே."

அவள் பார்வை தன்னையறியாமல் அண்ணனின் கைக்குப் போனது.

"அப்போ இந்தக் கை செஞ்ச வேலை," என்று கைப்பிடியைப் பற்றி முழுச் சுற்று சுற்றினார்.

காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அண்ணன் அலறினான்.

ஸ்பேனர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. முதல் அடி அவர் முழங்கையில். அவர் திரும்பியபோது இரண்டாவது முழங்காலில். சரிந்து விழுந்தார். அதற்கு மேல் அடிக்கத் தேவையில்லை. ஆனாலும், ஏறிட்டுப் பார்த்த அந்த முகத்தில் ஒன்று அடித்தாள். பல் ஒன்று கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

வைஸைத் தளர்த்தினாள். விரல்கள் ஊதா நிறமாகியிருந்தன. "மடக்கு," என்றாள். இரண்டு மடங்கின. மற்ற இரண்டும் யாருடையவோபோலத் தொங்கின.

தரையில் முனகிக்கொண்டிருந்தவரின் பையிலிருந்து வாசல் சாவியை எடுத்தாள். அண்ணனைத் தோளில் சாய்த்து அவர் காரை நோக்கியே நடத்தினாள்.

"வலது பக்கத்தையும் தூக்கி வச்சபடியேதான் முடுக்கினேன்," என்றான் அண்ணன், அழுகைக்கு நடுவே.

"வாயை மூடிட்டு ஏறு."