கண்ணாடியின் கடைசி இரண்டு அங்குலம்

கதவு பூட்டிக்கொண்டதற்காக ஒரு மனுஷனைப் பிடித்து உள்ளே போடுவார்களா என்று இன்றைக்குக் கேட்பவர்கள் கேட்கலாம். இரண்டாயிரத்து எட்டில், இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, போட்டார்கள். ரபாயேல் மூன்று நாளாக உள்ளே கிடந்தான்.

ரபாயேல், மிளகு வியாபாரி மக்கீன் முதலாளியின் கார் டிரைவர். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். 'ஆமாங்க', 'சரிங்க' இரண்டையும் தாண்டிப் பேசத் தெரியாதவன். செவ்வாய்க்கிழமை முதலாளியைத் தம்புள்ளையில் விட்டுவிட்டு வெறும் காரோடு திரும்பும்போது, நாவுலைக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். கண்ணாடியை இறக்கு என்றார்கள்; இறக்கினான். கீழே இறங்கு என்று சொல்லி ராணுவக்காரன் கைபிடியைத் தொட்ட நேரம் பார்த்து நாலு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. ரபாயேல் பதறிப்போய்ப் பூட்டைத் தூக்கிவிட்டான். மறுபடியும் டக். துப்பாக்கியோடு வெளியே நின்றவனுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு தமிழன் உள்ளேயிருந்து கதவைப் பூட்டுகிறான் என்பதுதான். ஜன்னல் வழியாகவே இழுத்துப் போட்டார்கள்.

தானாகப் பூட்டியது என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பொலிஸ் மெக்கானிக் இருபது தரம் பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, காரில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஜீப் கொழும்புக்குப் போகும், ரபாயேலும் அதில் போவான் என்று முடிவாகிவிட்டது. அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அனுப்பியவர்களுக்கே தெரியாது.

வியாழக்கிழமை பின்னேரம் ஊர் திரும்பி விஷயத்தைக் கேள்விப்பட்ட மக்கீன் முதலாளி, மறுநாள் காலையில் அலுவிகாரைக்கு ஓடி வந்தார். வீதியோரத் தகரக் கொட்டகையில் கார் வயர் வேலை செய்யும் கிறிஸ்தோபரைத் தேடித்தான்.

"பொலிஸ் பெரியவர் ஓ.ஐ.சி.கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு சான்ஸ் வாங்கியிருக்கேன் கிறிஸ்தோபர். கதவு தானா பூட்டுறத அவர் கண்ணால பாக்கணுமாம். பாத்தா விட்டுடுறேங்கிறார். ரெண்டு மணி வரைக்கும்தான்."

கிறிஸ்தோபரின் மனைவி அருள்மணிக்கு இது பிடிக்கவில்லை. "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குங்க காயுது?" என்றாள். "ஐடென்டி கார்டுல தமிழ்ப் பேரு, கையில வயரும் குறடும். அதோட பொலிசுக்குள்ள போறேங்கிறீங்களே."

அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தக் காரின் வயர் வேலை முழுக்க கிறிஸ்தோபரின் கை. தன் கை பட்டது பிசகாது என்ற திமிர் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. எந்த வயரில் கை வைத்தாலும் அங்கே ஒரு துண்டு வெள்ளை டேப்பைச் சுற்றி, பேனாவால் தன் பெயரையும் தேதியையும் எழுதிவிடுவான். எவனோ செய்த ஓட்டை வேலை நாளைக்குத் தன் தலையில் விழக்கூடாதாம். முதலாளியின் காரில் தனக்குத் தெரியாத பூட்டா என்ற நினைப்போடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

பொலிஸ் நிலைய வாசலில் ரபாயேலின் மனைவி மரிய கொறற்றி சோற்றுப் பார்சலும் குடையுமாக நின்றாள். பல்லேபொலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். பார்சலை உள்ளே எடுக்கவில்லை.

"ரெண்டு நாளா எனக்கு ஒருத்தரும் சொல்லலண்ணே. முதலாளியோட தங்கிட்டாருன்னு நெனச்சு ராவும் பகலும் சோத்த மூடி வச்சுக்கிட்டுக் குந்தியிருந்தேன். நேத்து பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்." அழுது முடித்த குரல் அது. "பூட்டுல கொற இருக்குமாண்ணே?"

"இருக்கும் தங்கச்சி. இல்லாம ரபாயேல் சொல்ல மாட்டான்."

முற்றத்தில் கார் மழையில் நனைந்து நின்றது. யாரோ கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். ஒரு சார்ஜன்ட் குடையோடு வந்து காவலுக்கு நின்றான். கிறிஸ்தோபர் பியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினான். நாலு கதவும் சொன்ன பேச்சைக் கேட்டன. கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் வயர் போகும் ரப்பர் குழாயைப் பிசைந்து பார்த்தான். பெரும்பாலும் வயர் அங்கேதான் மடிந்து மடிந்து அறும். அறவில்லை. கதவை ஓங்கி ஓங்கிச் சாத்தினான். எஞ்சினை ஓடவிட்டு உலுக்கினான். பூட்டு பூனை மாதிரி சும்மா கிடந்தது.

மணி ஒன்றரை. "என்ன பாஸ், உங்கள் ஆள் பொய் சொன்னானா, கார் பொய் சொல்கிறதா?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். கிறிஸ்தோபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரைவர் சீற்றில் உட்கார்ந்து, ரபாயேல் செய்ததை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம் என்று நினைத்தான். மனசுக்குள் சாவடிக்கு வந்தான். காரை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கினான். சுவிட்சை அழுத்தியதும் கண்ணாடி இறங்கத் தொடங்கியது. மழை முகத்தில் அடித்தது. முக்கால்வாசி இறங்கியதும் விரலை எடுத்துவிட்டான்.

எடுத்தது மழைக்காக இல்லை.

முதலாளி எப்போதும் ஏ.சி.யில் போகிறவர். அந்தக் கண்ணாடி அடிவரைக்கும் இறங்குவது சாவடியில் மட்டும்தான். அங்கே முழுக்க இறக்காவிட்டால் விடமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் அதே கதவில் கண்ணாடி மோட்டரை மாற்றியவன் கிறிஸ்தோபர். பூட்டு வயரைக் கதவோடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப் அன்றைக்கு அவன் கையில் உடைந்தது. வேறு கிளிப் இல்லை. நூலால் கட்டிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கதவின் உள்மூடியை அடித்துவிட்டான். பிறகு பார்க்கவில்லை. நூல் அறுந்தால் வயர் தொங்கும். தொங்கினால் கண்ணாடியின் விளிம்பு ஒவ்வொரு சாவடியிலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கும். செம்பு வெளியே வந்து, அடிவரை இறங்கிய கண்ணாடி அதைக் கதவின் தகரத்தில் அழுத்திய அன்று நாலு கதவும் பூட்டும்.

ரபாயேலை உள்ளே போட்டது ராணுவமா? தன் சோம்பேறித்தனம் அல்லவா?

மீதி இரண்டு அங்குலம். இறக்கினால் பூட்டும். பூட்டினால் மூடியைக் கழற்று என்பார்கள். கழற்றினால் உள்ளே வெள்ளை டேப், அதில் அவன் பெயர். கார்க் கதவுக்குள் வயர் வைத்த தமிழனை, குண்டு வைக்கிறவன் என்று சந்தேகப்படாமல், அந்த நாளில் யார் சும்மா விட்டார்கள்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் கையெழுத்தால் கெடப் போகிறான். இறக்காமல் விட்டால் ஒரு வம்பும் இல்லை. 'ஒன்றும் பிடிபடவில்லை சேர்' என்று சொல்லிவிட்டு அருள்மணியிடம் போய்ச் சேரலாம். பொலிஸ் மெக்கானிக்கே சொன்னதுதானே? ஒருவரும் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஜீப்பைப் பின்னால் எடுத்து வாசலுக்கு நேரே நிறுத்தினார்கள். கம்பி கேற்றுக்கு வெளியே மரிய கொறற்றி குடையைப் பிடிக்க மறந்து நனைந்துகொண்டு நின்றாள்.

"சேரைக் கூப்பிடுங்க" என்றான் கிறிஸ்தோபர்.

ஓ.ஐ.சி. வந்து குனிந்து பார்த்தார். கிறிஸ்தோபர் சுவிட்சை அழுத்தி, அடியில் தட்டும்வரை விரலை எடுக்கவில்லை.

டக்.

நாலு கதவும் பூட்டின. சார்ஜன்ட் இரண்டடி பின்னால் பாய்ந்தான். கிறிஸ்தோபர் பூட்டைத் தூக்கிவிட்டான். எஞ்சின் நடுக்கத்தில் மறுபடி டக். இன்னொரு தரம் தூக்கினான். டக்.

"திற, உள்ளே பார்க்க வேண்டும்" என்றார் ஓ.ஐ.சி.

மூடியைக் கழற்றினான். அறுந்த நூல் தொங்கியது. வயரின் தோல் உரிந்து செம்பு மினுங்கியது. அதற்கு ஒரு சாண் மேலே வெள்ளை டேப். கையை நீட்டினால் பிய்த்து உள்ளங்கையில் ஒளித்திருக்கலாம். நீட்டவும் செய்தான். அதற்குள் ஓ.ஐ.சி.யின் டோர்ச் வெளிச்சம் அதன்மேல் விழுந்துவிட்டது.

"யார் இந்த கிறிஸ்தோபர்?"

"நான்தான், சேர்."

ஓ.ஐ.சி. சார்ஜன்டிடம், உள்ளே இருக்கிறவனை விட்டுவிடு, இவனிடம் வாக்குமூலம் எடு, கடையையும் வீட்டையும் பார்க்க ஆள் அனுப்பு என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "முதலில் வேலையை முடி. அதே சாவடி வழியாகத்தானே இந்தக் கார் இனியும் போகும்?"

கிறிஸ்தோபர் வேலையை முடித்தான். செம்பை மூடி, வயரைக் கண்ணாடிக்கு எட்டாமல் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினான். ஆறு மாதத்துக்கு முன் இப்படிக் கட்ட ஐந்து நிமிஷம் போயிருக்காது. பழக்கதோஷத்தில் டேப்பும் பேனாவும் கைக்கு வந்தன. கொஞ்சம் யோசித்தான். பிறகு பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினான்.

ரபாயேலை வெளியே விட்டார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மரிய கொறற்றி ஓடி வந்து புருஷனைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். அப்புறம் கிறிஸ்தோபரிடம் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாதா மாதிரி வந்தீங்கண்ணே."

அவனால் அதைத் தாங்க முடியவில்லை. "அப்படிச் சொல்லாத தங்கச்சி. அந்த வயர சரியா கட்டாம விட்டவன் நான்தான். என்னாலதான் ஒம் புருஷன் இந்தக் கதியில நிக்கிறான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ரபாயேல் நல்ல கண்ணால் அவனைப் பார்த்தான். சார்ஜன்ட் படியில் நின்று, "பாஸ், வா" என்று கூப்பிட்டான்.

கிறிஸ்தோபர் கார்ச் சாவியை ரபாயேலிடம் கொடுத்துவிட்டு நடந்தான். மூன்றாவது படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து மரிய கொறற்றியின் குரல் கேட்டது.

"அண்ணே, ஒங்க வீடு அலுவிகாரையில எந்தப் பக்கம்? இப்பவே போய் அண்ணிகிட்ட சொல்லிடுறேன். ரெண்டு நாளைக்கு அவங்களும் சோத்த மூடி வச்சுக்கிட்டு இருக்க வேணாம்."