கேள்விக்கு ஆள் வைத்தவள்

வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வருகைப்பதிவின்போது சொல்லும் ஒரு சொல்லைத் தவிர அவள் வாயிலிருந்து வேறெதுவும் உதிர்ந்து யாரும் பார்த்ததில்லை, அதனால் வைத்த பெயர். உணவுப் பொருட்களை உறையிலிடும் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளின் நகைச்சுவை அந்த அளவில்தான் இருந்தது.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் தன் ஆய்வைப் பற்றி வகுப்புக்கு முன்னால் பேசியாக வேண்டும். போன மாதம் அவள் முறை வந்தது. மேடையேறி, மைக்கைப் பார்த்து, வணக்கம் சொல்லி, இறங்கி, நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேராசிரியர் பெரிய மனது பண்ணி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இதையும் விட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான்.

வீட்டிலோ எல்லோரும் வாயால் பிழைக்கிறவர்கள். அம்மா மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். சண்டைக்கென்றே வருகிறவர்களையும் குழையக் குழையப் பேசி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள். அண்ணன் கார் விற்றான். நடக்கவே விரும்புகிறவனுக்கும் விற்றான்.

"முன்னாடி இருக்கறவங்க எல்லாம் முட்டைக்கோஸுன்னு நினைச்சுக்கோ," என்றான் அண்ணன்.

"முட்டைக்கோஸ் கேள்வி கேக்குமா?"

"பாரும்மா, என்னைய மடக்கறா. இதே வாய் அங்க எங்கடி போகுது?"

"அவளைத் திட்டாதடா. கையைத் தொங்கப் போடாதடி, செல்லம். முகத்தைச் சிரிச்ச மாதிரி வை. அய்யோ, அப்படியில்ல, பல்லு வலிக்கிற மாதிரி இருக்கு."

"நீ தள்ளு, நான் செஞ்சு காட்டறேன்," என்று அண்ணன் கூடத்தின் நடுவே வந்து நின்றான். அவள் ஆய்வு பிஸ்கட் உறைக்குள் ஈரம் புகுவது பற்றியது. அதில் அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் கையை விரித்து, குரலை ஏற்றி இறக்கி, அம்மாவின் கண் கலங்கும்படி பேசினான். அம்மா கைதட்டினாள். அம்மாவுக்கு இதைவிட நன்றாக வருமாம். அவளும் எழுந்து பேசினாள். நடுவில் இவள் கொடிக்குப் போய்த் துணியை எடுத்துவந்து மடித்து அடுக்கியதை இருவரும் பார்க்கவில்லை.

அவளைப் பயமுறுத்தியது பேச்சுகூட இல்லை. பேச்சை மனப்பாடம் செய்துவிடலாம். பேசி முடித்ததும் வரும் கேள்விகள்தான். அத்தனை கண்களும் தன்னையே துளைக்கும், தான் விழுங்கும் எச்சில்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும், நாக்குத் தடுமாறினால் காலமெல்லாம் அதைச் சொல்லியே சிரிப்பார்கள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்து நினைத்து வேர்த்தாள்.

நல்லவேளை, அதற்கு அந்த வகுப்பில் ஒரு வழி இருந்தது. கேள்வி கேட்பவருக்கு ஒரு மதிப்பெண் உண்டு. ஆகவே பேசுகிறவரே கேள்விகளை எழுதி நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார். கேட்டவருக்கு மார்க், சொன்னவருக்கு மானம். பேராசிரியருக்கும் இது தெரியும். வகுப்பு கலகலப்பாக இருக்கிறது என்று மேலே சொல்லிக்கொள்ள அவருக்கும் உதவியது.

முதல் கேள்வியைக் கொட்டாவி என்று வகுப்பு அழைத்த பக்கத்து இருக்கைக்காரிக்குக் கொடுத்தாள்: ஈரம் உறைக்குள் எந்த வழியாகப் போகிறது? இரண்டாவது, அவசரம் என்று பெயரெடுத்த பையனுக்கு: சோதனை முடிந்த பிஸ்கட்டுகளை என்ன செய்தீர்கள்? பதில்களையும் எழுதி, அதே வரிசையில், பேச்சின் வால்போல ஒட்டி உருப்போட்டாள்.

அவள் முறை வந்த அன்று, சுவரிலிருந்த ஓடாத கடிகாரத்தைப் பார்த்தபடி முழுப்பேச்சையும் ஒப்பித்துவிட்டாள். "கேள்விகள்?" என்றார் பேராசிரியர், கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே.

கொட்டாவி தன் பெயருக்கேற்ற காரியத்தில் இருந்தாள். அவசரம் என்ற பையனுக்கோ உடனே வெளியே போகவேண்டியிருந்தது. கையைத் தூக்கி, "சோதனை முடிஞ்ச பிஸ்கட்டையெல்லாம் என்ன செஞ்சீங்க?" என்றான்.

அவள் நாக்குக்கு வரிசை மட்டுமே தெரியும். "பெரும்பாலும் ஒட்டிய விளிம்பு வழியாகத்தான் போகிறது. சூடு போதாமல் ஒட்டினால் இன்னும் வேகமாகப் போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. இதோ சிரிக்கப்போகிறார்கள். அவள் காத்திருந்தாள். அவசரம் பலமாகத் தலையாட்டி, "நன்றி" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினான். பேராசிரியரும் தலையாட்டினார்.

அதற்குள் யாரோ இடிக்க, கொட்டாவி எழுந்தாள். "ஈரம் எந்த வழியா உள்ள போகுது?"

இந்த முறை அவள் நாக்கு தவறவில்லை. அவள்தான் வேண்டுமென்றே அதை ஓடவிட்டுப் பார்த்தாள். "அவற்றை நன்றாகப் பொடித்து, மூடிய வாளியில் போட்டு அகற்றினோம்."

"வெரி குட்," என்றார் பேராசிரியர். "நல்ல தெளிவு. எல்லாரும் இந்தப் பொண்ண மாதிரி தயார் பண்ணிட்டு வரணும்." மதிப்பெண்ணை எழுதினார். கைதட்டினார்கள்.

பிழைத்துவிட்டாள். இறங்கிப் போகலாம். ஆனால் கால் எழவில்லை. இத்தனை வருடம் எந்தக் கண்களுக்குப் பயந்து வேர்த்தாளோ, அந்தக் கண்கள் இங்கே இருந்ததே இல்லை. உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நடுங்கியதற்குள் எவ்வளவு பெரிய மமதை ஒளிந்திருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் இறங்குவதற்குள் எரிச்சல் ஏறியது. வாரக்கணக்கில் பிஸ்கட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்தது இந்தத் தலையாட்டலுக்கா?

"சார், ரெண்டு பதிலும் தப்பு," என்றாள்.

பேராசிரியரின் போன் தாழ்ந்தது. "என்னம்மா?"

"பிஸ்கட்டை என்ன செஞ்சீங்கன்னு கேட்டான். விளிம்பு வழியா போச்சுன்னு சொன்னேன். ஈரம் எப்படிப் போகுதுன்னு கேட்டா. பொடிச்சு வாளியில போட்டோம்னு சொன்னேன். நீங்க வெரி குட் சொன்னீங்க."

இப்போது எல்லோரும் பார்த்தார்கள். உண்மையாகவே அத்தனை கண்களும். பழைய பயம் முழு உருவத்தில் வந்து நின்றது. இந்த முறை அதற்குத் தக்க காரணமும் இருந்தது.

"மார்க் போட்டாச்சேம்மா," என்றார் பேராசிரியர், முகம் சிவக்க. "இப்ப எதுக்கு இதையெல்லாம் கிளறற? சரி, அப்ப ஈரம் எப்படித்தான் போகுது?"

அவள் சொன்னாள். திக்கித் திக்கி, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பல்வலி முகத்தோடு, உருப்போட்ட ஒரு சொல்லும் இல்லாமல். நடுவில் குரல் கிறீச்சிட்டபோது யாரோ சிரித்தார்கள். சிரித்தவன் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான் என்று அவள் தொடர்ந்தாள். பேராசிரியர் கேள்வி கேட்ட இருவரின் மார்க்கை அடித்துவிட்டு, அவளுக்கு எழுதியதையும் குறைத்துப் போட்டார். தேறுவதற்கு அது போதும்.

வெளியே வந்ததும் கொட்டாவி அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "லூசாடி நீ? உன்னால என் கேள்வி மார்க்கும் போச்சு. வாயை மூடிக்கிட்டு இறங்கி வந்திருக்கலாம்ல?"

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் வாயை மூடச் சொன்னதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றிருந்தது அவளுக்கு.