ஐந்து முடிவதற்குள்

அந்த வருஷம் சென்னப்பன் தன் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தங்கையின் சின்ன மகள் மோகனப்ரியாவைத் தன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவது அவர்கள் வழக்கம். மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டியது, தவறிவிட்டது. இப்போது ஐந்து நடக்கிறது. மாசி கடைசியில் ஆறு பிறந்துவிடும். இரட்டைப்படை வயதில் குத்தக்கூடாது என்பார்கள்.

"ஏழு வயசு வரைக்கும் தள்ளிராதே அம்மிணி," என்று ஜூன் மாதமே போனில் சொன்னார். "மாதேஸ்வரன் மலையிலே வெச்சுக்கலாம். நீங்க வந்து நின்னாப் போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"ஆகட்டுங்ணா. ஆவணியிலே வெச்சுக்கலாம்," என்றாள் ஜோதிமணி. அப்போது அவள் மனதாரத்தான் சொன்னாள்.

சென்னப்பன் கர்நாடக எல்லையில், மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்து மார்டள்ளியில் நாலு ஏக்கரில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறவர். அவருக்கும் மனைவி சாமியாத்தாளுக்கும் பிள்ளைகள் இல்லை. மைசூரில் இருக்கும் தங்கையின் இரண்டு பெண்கள்தான் அவருக்கு எல்லாம். பெரியவள் தமிழ்ப்ரியாவுக்கு அவர் மடியில்தான் காது குத்தினார்கள். அன்று குழந்தை கடித்த கடியில் கட்டைவிரலில் ஒரு தழும்பு. "காலேஜு போற புள்ளே, மாமனைக் கடிச்சவ," என்று இன்றைக்கும் அவளைக் கேலி செய்வார்.

ஜோதிமணியின் வீட்டில் நேரம் என்பது தேடினாலும் கிடைக்காத பொருள். அவள் வங்கியில் அதிகாரி. கணவர் சிவகுமார் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். தமிழ்ப்ரியா காலேஜில் இரண்டாவது பி.யூ.சி., தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு; விடிகாலையில் ஒரு டியூஷன், மாலையில் இன்னொன்று. மோகனாவுக்கு ஒன்றாம் வகுப்பு, அதோடு பரதம், அபாகஸ். ஜூன் மாதம் சிவகுமார் ஒரு பெரிய அட்டையில் வருஷம் முழுவதையும் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பரீட்சைகள் சிவப்பு மை. பயணங்கள் நீலம். வங்கி வேலைகள் பச்சை. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், 'காது குத்து' என்று பென்சிலில் எழுதினார்.

"அதை மட்டும் ஏன் பென்சில்லே எழுதறீங்க?" என்றாள் ஜோதிமணி.

"மச்சான் நம்ம ஆளு. மாத்தினாக் கோவிச்சுக்க மாட்டாரு," என்று சிரித்தார் சிவகுமார்.

கோபித்துக்கொள்ளாதவர்களைத்தான் நாம் முதலில் தள்ளி வைக்கிறோம்.

ஆடி மாதம் சென்னப்பனுக்கு வயிற்று வலி வந்தது. கொள்ளேகால் டாக்டர் மைசூருக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். மைசூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பரிசோதனை நடந்தது. கட்டி பரவிவிட்டது, அறுவை செய்து பயனில்லை, மருந்து ஏற்றினால் ஐந்தாறு மாதம் தள்ளலாம் என்றார்கள். சாமியாத்தாள் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மிணிக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லீரலாமுங்க. பத்து நிமிசத்துலே வந்துருவாங்க."

"வேண்டாம்," என்றார் சென்னப்பன். "ஆவணியிலே காது குத்து. அது முடியட்டும். இப்பச் சொன்னா அன்னைக்கு எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்து அழுவாங்க. குழந்தை காதுலே தோடு ஏறுற நாளு, சிரிச்ச நாளா இருக்கோணும்."

"அதுக்காக இதையெல்லாம் மறைக்கறதா?"

"உன் தலைமேலே கை வெச்சுக் கேக்கறேன். சொல்லாதே."

அவர் நல்ல மனிதர். தினமும் குளித்ததும் மாதேஸ்வரனை நினைத்து நீறு பூசிக்கொள்ளாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். ஆனால் அன்பு உள்ளவர்களிடம் துன்பத்தைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு பிழை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆவணியில் சிவகுமாரைக் கம்பெனி வியட்நாமுக்கு அனுப்பியது. அவருக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். வீடே கொண்டாடியது. தசரா விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தசராவில் மைசூர் வீடு என்றால் சத்திரம்தான். சிவகுமார் பக்கத்துச் சொந்தம் பதினான்கு பேர் ஊர்வலம் பார்க்க வந்து இறங்கினார்கள். ஐப்பசியில் ஜோதிமணிக்குப் பதவி உயர்வு நேர்காணல், பெங்களூரில் ஒரு வாரப் பயிற்சி. அவள் தேறினாள். கார்த்திகையில் குறித்த ஞாயிறன்று மோகனாவின் பள்ளி ஆண்டு விழா வந்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் பென்சில் எழுத்து அழிந்து, கொஞ்சம் கீழே தள்ளி எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் சென்னப்பன், "அதுக்கென்ன அம்மிணி, நடக்கும்," என்றார்.

இதற்கிடையே அவர் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மைசூருக்கு வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பசவராஜ் என்ற ஆட்டோக்காரர். முதல் நாள் இறக்கிவிட்டபோதே சாமியாத்தாள் திசை தெரியாமல் நிற்பதைப் பார்த்து, சீட்டு வாங்கிக் கொடுத்து, மருந்து ஏற்றும் அறை வரை வந்து உட்கார வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர்கள் வரும் நாளில் வேறு சவாரி ஏற்றாமல் காத்திருப்பார். அவர்கள் யாரோ, இவர் யாரோ. கடவுள் சில வேளைகளில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மருந்து முடிந்து ஆட்டோவில் ஏறியதும் பசவராஜ் திரும்பிப் பார்த்துக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"அண்ணா, இன்னைக்காவது உங்க தங்கி வீட்டுக்குப் போலாம் ரீ. இவ்வளோ பக்கத்திலே வந்து வந்து போறீங்க."

"அவங்க எல்லாம் ஓடிட்டே இருக்கறவங்க பசவராஜ். நான் போயி உக்காந்தா அவங்க நிக்கோணும்."

"நிக்கட்டும் விடுங்க. கொஞ்ச நேரம் நின்னா என்ன ஆயிடும்?"

சாமியாத்தாளை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டார் சென்னப்பன். அவள் உள்ளே வந்தால் அழுதுவிடுவாள். ஒற்றை ஆளாக வாசல்மணியை அழுத்தினார்.

வீடு முழுக்க மஞ்சள் துணித் துண்டுகள். மறுநாள் விழாவில் மோகனா சூரியகாந்திப் பூ. ஜோதிமணி தரையில் உட்கார்ந்து குழந்தையின் கழுத்தைச் சுற்றி இதழ்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். சிவகுமார் மடிக்கணினி முன்னால் யாரோடோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். கையை மட்டும் உயர்த்தி, "வாங்க மச்சான்," என்று வாயசைத்தார்.

"என்னங்ணா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?"

"சக்கரை வந்துருச்சு அம்மிணி. சோத்தைக் குறைச்சுட்டேன்."

"நல்ல டாக்டராப் பாக்கணும்ணா. இந்த விழா முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஆகட்டும், ஆகட்டும்." அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து மோகனாவைக் கூப்பிட்டார். "ஏஞ்சாமி, மாமன் மடியிலே வந்து உக்காந்து பழகிக்க."

குழந்தை இதழ்களோடு ஏறி உட்கார்ந்தது. வயிற்றில் பட்டபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் இறக்கிவிடவில்லை.

"காது குத்துனா நோவாகுத்தா மாமா?"

"எறும்பு கடிக்கற மாதிரித்தான். நீ அழுகலாமா வேண்டாமான்னு யோசிக்கறதுக்குள்ளே முடிஞ்சுரும்."

"அக்கா உங்களைக் கடிச்சாளாம். நான் கடிக்க மாட்டேன்."

"கடி சாமி. மாமன் கை எதுக்கு இருக்குது?"

"அய்யோ, எந்திரி மோகனா!" என்றாள் ஜோதிமணி. "இதழெல்லாம் கசங்குது பாரு. இப்பத்தான் இஸ்திரி போட்டேன்."

குழந்தை இறங்கிவிட்டது. மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். அவர் வேட்டியில் ஒட்டியிருந்த மஞ்சள் நூலை எடுத்துக் கையில் சுருட்டியபடி, "அப்ப நான் கௌம்பறேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று எழுந்தார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம் என்றார். அவள் வற்புறுத்தவில்லை. இன்னும் ஏழு இதழ்கள் மீதி இருந்தன.

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள் சென்னப்பன் போன் செய்தார்.

"அம்மிணி, வர்ற ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமா? எல்லாரும் வேண்டாம். நீயும் குழந்தையும் மட்டும் பஸ் ஏறி வந்தாப் போதும்."

"மார்கழியிலேயா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மார்கழியிலே யாராச்சும் காது குத்துவாங்களாண்ணா? ஊரே சிரிக்கும்."

"சாமிக்கு ஏது அம்மிணி மார்கழியும் தையும்?"

"நீங்களா பேசறீங்க? என் கல்யாணத்துக்கு நாள் பாக்க நாலு சோசியர் வீட்டு வாசல்லே நின்ன மனுசன்! ஆகாத மாசத்திலே குத்திக் குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? தை பதினொண்ணு, ஞாயித்துக்கிழமை, நல்ல நாளு. இவரு லீவு போட்டுட்டாரு. தமிழ்ப்ரியாவுக்கும் மாதிரிப் பரீட்சை முடிஞ்சிரும். இந்தத் தடவை மாறவே மாறாது, சத்தியமா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணா?"

"இருக்கேன் அம்மிணி. சரி. தையிலேயே வெச்சுக்கலாம்."

சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் சொன்னபின் அவரால் கேட்க முடியவில்லை. அவளும் குழந்தைக்காகத்தான் மறுத்தாள். இரண்டு பேரும் ஒரே குழந்தையின் நன்மையை நினைத்தார்கள்.

டிசம்பர் கடைசி நாள் ஜோதிமணி சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு நீண்ட செய்தி போட்டாள். கணவரின் வியட்நாம் பயணம், தன் பதவி உயர்வு, தமிழ்ப்ரியா அரையாண்டுப் பரீட்சையில் தொண்ணூற்று நான்கு சதவீதம், மோகனாவின் சூரியகாந்தி நடனம், மாதேஸ்வரன் அருளால் இந்த வருஷம் குறையில்லாமல் போயிற்று என்று எழுதி, பதினெட்டுப் படங்களும் சேர்த்தாள். எல்லாரும் கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள். சென்னப்பன் குரலில் ஒரு பதில் வந்தது. "சந்தோசம் அம்மிணி. எல்லாரும் இப்படியே நல்லா இருங்க." குரல் இளைத்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

மார்கழி இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு மார்டள்ளியில் சென்னப்பன் இறந்தார். அவருக்கு நாற்பத்தேழு வயது.

செய்தி கேட்டு ஜோதிமணி மேசையிலிருந்து அப்படியே எழுந்து ஓடினாள். மாரடைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் முடிந்து ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு, சாமியாத்தாள் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக் காகிதங்களை முன்னால் வைத்தாள். மேல் காகிதத்தில் மைசூர் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. ஜோதிமணி தினமும் வங்கிக்குப் போகும் வழியில் இருக்கும் ஆஸ்பத்திரி அது.

"எத்தனை தடவை வந்தீங்க நங்கையா?" அண்ணியை அவர்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பதினொரு தடவை."

"பதினொரு தடவையும் என் வீட்டைத் தாண்டியா?"

"காது குத்து முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னாரு. என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. மார்கழியிலே உனக்குப் போன் பண்ணுனாரே, அன்னைக்குத்தான் டாக்டரு இனி வர வேண்டாம்னு சொல்லி அனுப்புனது."

ஜோதிமணி அழவில்லை. அந்தக் காகிதங்களின் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தேதியிலும் தான் எங்கே இருந்தோம் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அந்தத் தண்டனையை வேறு யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

தை பதினொன்று வந்தது, போயிற்று. "ஏழு வயசிலே வெச்சுக்கலாம், இப்ப மனசு ஆறட்டும்," என்றார் சிவகுமார். மனைவியைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். சாமியாத்தாள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சு முடியறதுக்குள்ளே செஞ்சுருங்க. அவரு கேட்டது அது ஒண்ணுதான்." பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது தமிழ்ப்ரியா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "நானும் வர்றேன்மா," என்றாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

மாசியில் சிவராத்திரிக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனார்கள். மடி கொடுக்கப் பெரியப்பா மகன் கணேசனைக் கேட்டிருந்தார்கள். அவரும் ஜோதிமணிக்கு அண்ணன் முறைதான். புது வேட்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் "உகே மாதப்பா" என்று மாதேஸ்வரனைக் கூவி அழைக்கும் குரல்கள். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாருங்க? குழந்தையை வாங்கிக்குங்க," என்றார்.

ஜோதிமணியின் கைகள் நகரவில்லை. அவள் கூட்டத்தில் தேடினாள். சாமியாத்தாள் நல்ல காரியத்தில் எதிரே நிற்கக்கூடாது என்று தானாகவே தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

ஜோதிமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனாள்.

"நங்கையா, நீங்க வந்து உக்காருங்க."

"ஐயோ, நானா? வேண்டாம் அம்மிணி. நான் உக்காரப்படாது."

"ஆகாதம்மா," என்றாள் சொந்தத்தில் ஒரு பெண்மணி, மெதுவாகத்தான். "தாலி இல்லாதவ மடியிலே நல்ல காரியம்..."

"ஆகாது, ஆகாதுன்னுதான் மார்கழியிலே எங்கண்ணனை வேண்டாம்னேன்," என்றாள் ஜோதிமணி. "இன்னும் எத்தனை பேரை வேண்டாம்னு சொல்றது?"

கணேசன் மணையிலிருந்து எழுந்தார். துண்டால் மணையை ஒரு முறை துடைத்துவிட்டு, "வாங்க நங்கையா, உக்காருங்க. எங்கண்ணன் இடம் இது. உங்களுக்கில்லாம யாருக்கு?" என்றார்.

சாமியாத்தாள் வந்து உட்கார்ந்தாள். மோகனா அவள் மடியில் ஏறிக்கொண்டது. முதல் காதில் கம்பி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. சாமியாத்தாள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சாவு வீட்டில்கூட வாய்விட்டு அழாதவள், குழந்தையின் தலைமேல் முகத்தை வைத்து இப்போது அழுதாள். மோகனா தன் அழுகையை நிறுத்திவிட்டு, "அத்தை, உங்களுக்கும் நோவாகுத்தா?" என்று கேட்டது.

"ஆமாஞ்சாமி," என்றாள் சாமியாத்தாள்.

ஜோதிமணி அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி கம்பியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது காதுக்காகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் இன்னும் மூன்று குடும்பங்கள் தங்கள் குழந்தைகளோடு காத்திருந்தன. அன்று யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.