லெனோர் வேல் என்னைக் காதலித்த காரணங்கள்

சினிமா நட்சத்திரம் லெனோர் வேலுக்குத் தோட்டவேலை என்றால் உயிர் என்று அமெரிக்கா முழுவதும் நம்பியது. உண்மையில் ரோஜாவைக் கண்டாலே அவளுக்கு அடுக்குத் தும்மல் வரும். அந்தத் தோட்டத்தைப் போட்டவன் நான். சின்ன வயதில் அவள் வளர்த்த ஆட்டுக்குட்டி, கிறிஸ்துமஸுக்குத் தன் கையாலேயே சுடும் ஆப்பிள் பை, தூங்குமுன் படிக்கும் ஜெபம் எல்லாம் என் டைப்ரைட்டரில் பிறந்தவைதான். பதினோரு வருடமாக நான் அவளுடைய பத்திரிகை ஏஜென்ட். நிருபர் கேள்வி கேட்பார், அவள் வாயைத் திறப்பாள், என் வார்த்தை வெளியே வரும்.

எங்கள் தொழிலில் பெரிய பாவம் ஒன்று உண்டு. நட்சத்திரத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏஜென்டின் பெயர் வருவது. வந்தால் அவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். இன்னொரு வழக்கமும் உண்டு. கிசுகிசு எழுதுகிறவர் கையில் நம் ஆளைப் பற்றி அசிங்கமான செய்தி சிக்கிவிட்டால், கெஞ்சிப் பயனில்லை, அதைவிடப் பெரிய செய்தியைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். ஹாலிவுட்டில் மூடி கிடைக்கும். பதிலுக்கு வேறொரு பானையைத் திறந்து காட்டவேண்டும், அவ்வளவுதான்.

ஐம்பத்தொன்றாம் வருடம், வசந்தத்தில் ஒரு காலை, ஆகஸ்டா பிரிம் போன் செய்தாள். நாற்பது ஊர்ப் பத்திரிகைகளில் அவள் எழுதும் கிசுகிசுப் பத்தி வரும்.

"ஹெர்ப் கண்ணு, சாப்ட்டியா?"

அவள் இப்படி விசாரித்தால் கத்தி தீட்டியாகிவிட்டது என்று பொருள்.

"உன் லெனோர் மலிபு பீச்சுல ஒருத்தன் கையைப் புடிச்சிட்டு நடக்கறா. யாருங்கற? டைரக்டர் வெஸ்லி காட்ரெல். அவன் பொண்டாட்டி பாவம் சானடோரியத்துல இருமிட்டுக் கெடக்கா. போட்டோ என் மேஜைமேல இருக்கு. நாளைக்குப் போடறேன்."

"மேடம், ஸ்டுடியோ அவளைத் தூக்கி எறிஞ்சிடும்."

"அது அவ பீச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். சரி, வேற என்ன வெச்சிருக்க?"

புதுப் படம் என்றேன். பாரிஸ் பயணம் என்றேன். கூந்தலைக் குட்டையாக வெட்டப்போகிறாள் என்றேன்.

"மயிரை வெட்டறதெல்லாம் ஒரு செய்தியாடா? உனக்கு வயசாயிடுச்சு."

"அவளுக்குக் கல்யாணம்," என்றேன். என் வாய்தான் சொன்னது, நானில்லை.

"யாரோட?"

எந்த நடிகன் பெயரைச் சொன்னாலும் அடுத்த நிமிடமே அவனுக்குப் போன் போட்டுச் சரிபார்ப்பாள். சட்டென்று கேட்டால் ஆமாம் என்று சொல்லக்கூடிய ஆண், எனக்குத் தெரிந்து ஊரிலேயே ஒருவன்தான் இருந்தான்.

"என்னோட."

 ஆகஸ்டா இருமி இருமிச் சிரித்தாள். "இது நெசமாத்தான் இருக்கணும். பொய் சொல்றவன் இவ்ளோ சப்பையா ஒரு மாப்பிள்ளையைச் சொல்லமாட்டான்." போட்டோவைக் கிழிக்கும் சத்தத்தைப் போனிலேயே கேட்க வைத்தாள். நாணயமானவள்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு லெனோர்மேல் ஆசை. முதல் வருடத்திலிருந்தே உண்டு. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். முடவனுக்குத் தன் கால் தெரியும், ஆகையால் நான் வாயைத் திறந்ததேயில்லை. ஆனால் அன்று ஸ்டுடியோவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது என் நெஞ்சு மாப்பிள்ளையின் நெஞ்சாகவே அடித்தது. வெட்கங்கெட்ட நெஞ்சு.

ஒப்பனை அறையில் முகமெல்லாம் கிரீமோடு இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முதலில் விழித்தாள், பிறகு சிரித்தாள், கிரீம் கண்ணுக்குள் போகும்வரை சிரித்தாள்.

"நீயா? நீயும் நானுமா? ஐயோ ஹெர்ப், வெஸ்லிகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பான்!"

"ஆறு வாரந்தான். அப்புறம் நல்ல நண்பர்களா பிரிஞ்சிட்டோம்னு நானே எழுதிடறேன்."

"நீ இல்லன்னா என் கதி என்னடா?" என் கன்னத்தில் முத்தம் வைத்தாள். கிரீம் ஒட்டியது. நான் துடைக்கவில்லை. வாசல்வரை போனவனைக் கூப்பிட்டாள். "ஆமா, உன்னை ஏன் காதலிக்கறேன்னு கேப்பாங்களே? எனக்கு ஒண்ணுந் தோணலை. எழுதிக் குடுத்துடு, சரியா?"

குத்தலாகச் சொல்லவில்லை. உப்பை இந்தப்பக்கம் தள்ளு என்பதுபோலச் சொன்னாள். அதுதான் குத்தியது.

அறைக்குத் திரும்பி டைப்ரைட்டர்முன் உட்கார்ந்தேன். மற்றவர்களுடைய காதலை நான் ஒரு சிகரெட் எரிவதற்குள் எழுதி முடித்துவிடுவேன். இதற்கு ஒரு பாக்கெட் போயிற்று. 'நல்லவர், நேர்மையானவர்' என்று அடித்துப் பார்த்தேன். காவல்காரனுக்கு நற்சான்று கொடுத்ததுபோல் இருந்தது, கிழித்தேன். 'நகைச்சுவை உணர்வு மிக்கவர்' என்று அடித்தேன். சிரிப்பு வந்தது, அதையும் கிழித்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருவன் தன்னை ஏன் ஒரு பெண் காதலிக்க வேண்டும் என்று தானே தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.

கடைசியில் பொய்யை விட்டுவிட்டேன். 'விருந்துகளில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். ஹெர்ப் மட்டும் எனக்குக் குளிர்கிறதா என்று பார்ப்பார்' என்று எழுதினேன். அது நடந்ததுதான், எத்தனையோ தடவை அவள் கோட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அதன் கீழே இன்னொன்று எழுதினேன். 'அவர் தன்னைப் பற்றிப் பேசுவதேயில்லை. அதனால் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்போல எனக்கு இருக்கும்.' இது நடக்காதது. ஒருநாளாவது நடக்காதா என்று இருந்தது.

மறுநாள் அவள் வீட்டு நீச்சல்குளத்தருகே நிருபர்கள் கூடினார்கள். லெனோர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் வரிகளை அச்சுப் பிசகாமல் சொன்னாள். கடைசி வரிக்குமுன் ஒரு கணம் நிறுத்தித் தலை குனிந்தாள். அந்த நிறுத்தம் நான் எழுதியதல்ல.  ஒருவேளை, ஒரே ஒரு வார்த்தை, அவளாகவே சொல்வாளோ என்று காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ரசிகர் பத்திரிகையிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி பென்சிலைத் தூக்கினாள். "அவருக்குச் சொந்த ஊரு எது மேடம்?"

லெனோர் சிரித்தாள். பதில் தெரியாதபோதெல்லாம் திரும்புவதுபோல என் பக்கம் திரும்பினாள்.

"ஹெர்ப், நான் என்ன சொல்லணும்?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நாணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"கிளீவ்லாந்துன்னு சொல்லு," என்றேன்.

"கிளீவ்லாந்து," என்றாள் அவள், என் கையைத் தட்டிக் கொடுத்து. கேமராக்கள் பளிச்சிட்டன. நன்றாக அமைந்த பேட்டி என்று ஸ்டுடியோவில் பாராட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா டோரா கிளீவ்லாந்திலிருந்து போன் செய்தாள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள். இருபது வருடமாக அவள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான், அங்கே யாராவது கிடைத்தார்களா என்று.

"படுபாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா? பேப்பரைப் பாத்து நான் தெரிஞ்சிக்கணுமா?" திட்டிக்கொண்டே அழுதாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அக்காவிடம் சொன்னால் மதியத்துக்குள் அவள் தெரு முழுக்கத் தெரியும், வாரம் முடிவதற்குள் ஆகஸ்டாவுக்கும் தெரியும். லெனோர் கதை முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

"அவ சினிமாக்காரி, உன்னை எங்க புரிஞ்சிக்கப் போறான்னு நெனைச்சேண்டா. இதைப் படிச்சதும் எனக்கு மனசு ஆறிப்போச்சு. இரு, வாசிக்கறேன்." மூக்கை உறிஞ்சிவிட்டு, பள்ளிப்பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்தாள். முதலில் விருந்தும் குளிரும். "'அவர் தன்னைப் பற்றிப் பேசுவதேயில்லை. அதனால் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்போல எனக்கு இருக்கும்.' பாத்தியாடா? நெசந்தானே இது? சின்னப் புள்ளையிலேர்ந்தே நீ அப்படித்தானே? என்னைத் தவிர ஒருத்திக்காவது அது தெரிஞ்சிருக்கே!"

நான் எழுதிய வார்த்தைகளை ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம்பிச் சொல்லி ஒருவரையும் கேட்டதில்லை.

"ஹெர்பி, லைன்ல இருக்கியா?"

"சரியா கேக்கலைக்கா," என்றேன். "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசி."