நெடுஞ்சாலைக்கு மேற்கே

எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் எல்லைக்குள் காலடி வைத்ததில்லை. என் மகன் வைத்தான், அதுவும் வானத்தில். போன வருடம் பாராகிளைடர் என்னும் துணி இறக்கையில் பறந்துகொண்டிருந்தவன், ராணுவ விமானத்தளத்தின் தடை செய்யப்பட்ட வான்பகுதிக்குள் புகுந்துவிட்டான். இறங்க வந்த விமானம் ஒன்று திரும்பிப் போக நேர்ந்தது. அவன் உரிமத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தார்கள். எங்கள் குன்றிலிருந்து யாருமே அதுவரை பறக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. பறப்போர் மன்றத்தில் அவனுக்கு ‘வேலிதாண்டி’ என்று பெயர் விழுந்தது. மன்றத்தைத் தொடங்கியவன் நான். என் முகத்துக்கு நேராகவே அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

தடை நீங்கிய முதல் நாள் அவனே பறக்க வேண்டும், குன்றிலிருந்து வடக்கே ஏரிவரை போய்க் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு முறை யாராவது உள்ளே போனால் குன்றை நிரந்தரமாக மூடுவோம் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள்.

அன்று காலை மருமகள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்திருந்தாள். நில அளவைத் துறையில் வேலை செய்பவள். ஒரே பயணத்துக்கு மூன்று கோடுகள் போட்டிருந்தாள். கிழக்குக் காற்றுக்கு ஒன்று, தெற்குக் காற்றுக்கு ஒன்று, தென்மேற்குக் காற்றுக்கு ஒன்று. மூன்றாவது கோடு மேற்கே வெகுதூரம் ஒதுங்கி, வளைந்து வளைந்து போயிற்று.

“ஏம்மா, இது பறக்கற வழியா, பால்காரன் சுத்தற வழியா?”

“பால்காரர் யார் வீட்டுக்குள்ளயும் பூந்துடறதில்லையே, மாமா.”

மகன் காப்பிக் கோப்பையைப் பார்த்தபடியே சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

“இன்னைக்குத் தென்மேற்குக் காத்து” என்றாள் அவனிடம். “நீங்க வட்டம் போட்டு ஏறும்போது காத்து உங்களையும் தள்ளிக்கிட்டே போகும். கிழக்கே தடை எல்லை. அதுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி நெடுஞ்சாலை. எவ்வளவு நல்லா ஏறினாலும் சரி, நெடுஞ்சாலைக்கு மேல வந்ததும் ஏறறத விட்டுட்டு மேற்கே திரும்பிடணும்.”

“எல்லை அதுக்கும் அந்தப் பக்கம்தானே?”

“எல்லைய மேலேருந்து பார்த்தா தெரியாதுங்க. ரோடு தெரியும்.”

அவன் தலையாட்டினான். போன வருடம் அவன் கையில் தெற்குக் காற்றுக்கான திட்டம் மட்டும்தான் இருந்தது. பறக்கும்போது காற்று திரும்பிவிட்டது. நன்றாக ஏறுகிற சந்தோஷத்தில் அவன் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் குன்றிலிருந்து கிளம்பினான். நானும் மருமகளும் ஜீப்பில் பின்தொடர்ந்தோம். அவள் ஓட்டினாள். அவன் இருக்கும் இடம் என் மடியிலிருந்த கருவித் திரையில் ஒரு புள்ளியாக நகர்ந்தது. மேற்கே அவனை மேலே தூக்கும் வெப்பக் காற்றே கிடைக்கவில்லை. தாழ்ந்துகொண்டே வந்தான். பிறகு நெடுஞ்சாலைக்குச் சற்று முன்னால், வெயிலில் காய்ந்த ஒரு கல்குவாரிக்கு மேல், இறக்கை சட்டென்று நிமிர்ந்தது. வட்டம் போட ஆரம்பித்தான். ஒவ்வொரு வட்டத்துக்கும் புள்ளி கிழக்கே நழுவியது.

வாக்கிடாக்கியில் அவன் குரல் மூச்சுவாங்கியது. “அப்பா, செமையா ஏறுது. ரோட்டுக்கு மேல வந்துட்டேன். இன்னும் ரெண்டு நிமிஷம் சுத்தினா ஏரிவரைக்கும் போற உயரம் கிடைச்சிடும். எல்லைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கே.”

அவன் சொன்னது சரிதான். சட்டப்படி அவன் எதையும் மீறவில்லை. குன்றில் மன்றத்து ஆட்கள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் ஏரிக்கரையில் போய் இறங்கினால், அந்தப் பெயரை இனி யார் சொல்வார்கள்?

மருமகள் ஜீப்பை ஓரமாக நிறுத்தினாள்.

“போன வருஷமும் இன்னும் ரெண்டு நிமிஷம்னுதான் நினைச்சிருப்பாரு, மாமா.”

அவள் வாக்கிடாக்கியைத் தரும்படி கேட்கவில்லை. அது என் கையில் இருந்தது.

“விட்டுடு” என்றேன். “மேற்கே திரும்பு.”

“அப்பா, இதை விட்டா இங்கயே இறங்கணும்.”

“இறங்கு.”

திரையில் புள்ளி இன்னும் பாதி வட்டம் போயிற்று. பிறகு அது மேற்கே திரும்பியது.

அறுவடையான சோள வயல் ஒன்றில் இறங்கினான். நாங்கள் போய்ச் சேரும் முன்பே வாக்கிடாக்கி கரகரத்தது. மன்றத்துச் செயலாளர், எல்லோருக்கும் கேட்கும்படி:

“ஐயா, வேலிதாண்டி வேலியையே பார்க்காம உக்காந்துட்டாரே! எவ்வளவு தூரம்னு குறிச்சுக்கட்டும்?”

பின்னால் பலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஏறிக்கொண்டிருந்தவனை நான்தான் இறக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டு விவகாரத்தைக் காற்றில் விட எனக்கு மனம் வரவில்லை.

“ஆறு கிலோமீட்டர். குறிச்சுக்கோ.”

வயலில் அவன் எங்கள் பக்கம் பார்க்காமல், கயிறுகளில் சிக்கிய சோளத் தட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தான். மருமகள் இறக்கையின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் குனிந்து மறுமுனையைப் பிடித்தேன். என் இடுப்பு அதற்குச் சம்மதிக்கவில்லை.

“அப்பா, தாண்டியிருப்பேனா?”

“தெரியலப்பா.”

அவன் கொஞ்ச நேரம் கிழக்கே பார்த்தான். பிறகு மடித்த இறக்கையின் மேல் முழங்காலை ஊன்றி, உள்ளே இருந்த காற்றை அழுத்தி வெளியேற்றினான்.