பிரிக்காத பொட்டலம்

செவ்வரளி. ஆண்டிப் பூசாரியின் உள்ளங்கையில் பிரிந்துகிடந்த வாழையிலைத் துண்டுக்குள் செவ்வரளிதான் இருந்தது. சௌமியாவுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அம்மன் காலடியில் பிரிக்காமல் கிடந்த இன்னொரு பொட்டலத்துக்குள்ளும் செவ்வரளிதான் இருந்தது. காலையில் இரண்டையும் மடித்து நூல் சுற்றியவள் அவள். இப்போது யாராவது அதைக் கையில் எடுத்தால்? யாராவது சும்மாவேனும் நூலை இழுத்தால்? காதுக்குள் விசைத்தறி ஓடுவதுபோல இருந்தது. அம்மனின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை. பீடத்தின் ஓரத்தில் வழிந்திருந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாப் பாருங்க சாமி, செவப்புத்தானுங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“பூவுல பாக்கறதுக்கு என்னம்மா இருக்குது? கண்ணாடி போட்டா வெள்ளையாவா தெரியும்?”

தெருவில் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்த குழந்தை தமிழினியைப் பூசாரி கூப்பிட்டு வந்து, இரண்டில் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்லியிருந்தார். “நான் எடுத்துட்டேன்ல, முட்டாய் குடுங்க” என்று அது அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்சைத் தேடினாள்.

வெள்ளை வந்தால் அக்காவுக்குக் கோகுல்ராஜைப் பேசி முடிப்பது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது என்று முந்தின நாளே அம்மா தீர்மானித்திருந்தாள். ஊரில் என்றால் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க் கேட்டிருப்பார்கள். அப்பா செங்கோட்டையன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போய் மாதங்கள் ஆகின்றன. மாப்பிள்ளை வீட்டாரோ இந்த வாரமே பதில் கேட்கிறார்கள். அதனால் சேலத்துக்குக் குடிவந்த பிறகு முதன்முறையாக, வீட்டுக்குப் பக்கத்துத் தெருக் கோயிலிலேயே பூக் கேட்டுவிடலாம் என்றாள் அம்மா. கல்யாணப் பெண் பூவைத் தொடக் கூடாது, தலைக்குக் குளித்தவளாக நீ மடி என்று சௌமியாவிடம்தான் இரண்டு நிறப் பூக்களையும் கொடுத்தாள். சௌமியா மொட்டைமாடிக்குப் போய் வெள்ளை அரளியைப் பின்பக்கச் சந்துக்குள் வீசி எறிந்துவிட்டு, இரண்டு இலைகளிலும் சிவப்பையே வைத்து மடித்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இதுவரை டியூஷனுக்குக்கூட மட்டம் போட்டதில்லை.

பூசாரி குனிந்து அந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்தார்.

“இந்தாங்கம்மா. அம்மன் காலடியில கெடந்த வெள்ளப்பூ. வேண்டாமுன்னு வந்ததுக்காக மனசு கஷ்டப்படாதீங்க. தலையில வெச்சுக்கிட்டுப் போங்க.”

அம்மாவின் கை நீண்டது. சௌமியாவின் கால்கள் தாமாக ஒரு எட்டு முன்னால் போயின. என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. தட்டிவிடுவதா, பிடுங்குவதா, மயங்கி விழுந்ததுபோல விழுவதா. அதற்குள் அக்கா தேவிப்ரியா இருவருக்கும் நடுவில் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

“இங்கயே தலையில வெச்சுக்க சாமி” என்றாள் அம்மா அவளிடம்.

“தல ஈரமா இருக்குதும்மா. ஊட்டுக்குப் போயி வெச்சுக்கறேன்.”

பொட்டலம் அக்காவின் கைப்பைக்குள் போனது. ஜிப்பை இழுத்து மூடியபோது அக்கா சௌமியாவை ஒருமுறை பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா அப்பாவுக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. “ரிக்கு ஓடுதாட்ட இருக்குது. காதுல உளுகாது” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சௌமியா விவரம் தெரிந்த நாளாகக் கேட்டுவரும் வாக்கியம் அது. பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் டீசல் வாசனையோடு வந்து இறங்கி, சட்டை வெளுப்பதற்குள் திரும்பிப் போய்விடுகிற அப்பா. குழம்பு தாளிக்கும்போதும் அடுப்புத் திண்டின்மேல் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கடுகு கருகுவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிற அம்மா. கோகுல்ராஜும் ரிக்கில்தான் மேனேஜராக இருந்தான். மாடியில் துணி மடிக்கும்போது ஒருநாள் அக்கா சொன்னாள்: “அம்மாவாட்ட போனப் பாத்துக்கிட்டே ஒரு சென்மம் இருக்க என்னால ஆகாது புள்ள.” சொல்லிவிட்டு அக்கா துணியோடு கீழே போய்விட்டாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சௌமியா மட்டும் நாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

அவர்கள் மாடிப்படி ஏறுகிற நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா சேலையைக்கூட மாற்றாமல் குடங்களைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். சேலத்தில் துக்கப்படுவதற்கும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் நேரம்.

அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து பொட்டலத்தை எடுத்து நூலைப் பிரித்தாள். சிவப்பைப் பார்த்துவிட்டு இலையைச் சௌமியாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“கோயில்லயே உன்ற மூஞ்சி சொல்லிருச்சு” என்றாள் பிறகு. “காலாண்டுப் பரிச்சையில பக்கத்துப் புள்ள பேப்பரப் பாக்கப் பயந்துக்கிட்டுக் காய்ச்சல்ல படுத்த கழுத. அம்மங்கிட்டயே பித்தலாட்டம் பண்ணியிருக்கற.”

சௌமியா அழத் தொடங்கினாள். “நீதான அக்கா வேண்டாம்னு சொன்ன. அம்மாவாட்ட இருக்க முடியாதுன்ன.”

“சொன்னேன். அன்னைக்குச் சொன்னேன். அதுக்கப்பறம் நீ எங்கிட்டக் கேட்டியா?”

அக்கா வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குப் போன வாரம் கோகுல்ராஜ் வந்திருக்கிறான். யாரிடமும் சொல்லாமல், டோக்கன் வாங்கிக்கொண்டு, வயிற்றுவலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். “பேரக் கூப்புட்டு, எங்கீங்க வலிக்குதுன்னு கேக்கறேன், முழிக்கறாரு” என்று சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “ரிக்க உட்டுப்போட்டு இங்கயே மோட்டார் ரிப்பேர் கடை போடறேன்னாரு. நீங்க வேலைக்குப் போங்க, நான் சோறாக்கி வெக்கறேன், கொழம்பு மட்டும் வராதுன்னாரு. யாராவது அப்படிப் பேசி நம்மூட்டுல கேட்டிருக்கறமா?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லக்கா?”

“பூ வரட்டும், அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். வெள்ள வரோணும் தாயேன்னு கண்ண மூடி வேண்டிக்கிட்டு நின்னேன். எம்பக்கத்துலதான் நீ நின்ன.”

கீழே குழாயடியில் யாரோ குடம் வைத்ததற்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் தனியாகத் தெரிந்தது. “அம்மனே வேண்டாமுன்னு சொல்லிருச்சுங்க. அதுல ஒரு காரணம் இருக்குமுங்க” என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இப்பப் போயி அம்மாகிட்டச் சொல்லிர்றேன்” என்று எழுந்தாள் சௌமியா. “மறுக்காக் கேக்கலாம்.”

“ஒருக்காக் கேட்டத மறுக்காக் கேக்க மாட்டாங்க. பூவ மாத்துனமுன்னு தெரிஞ்சா அம்மாவுக்குக் கல்யாணமெல்லாம் மறந்துரும். சாமி குத்தமாப் போச்சு, அப்பாவுக்கு என்னாகுமோன்னு ஒக்காந்துக்கும். அப்பா அங்க போருக்குள்ள குழாய் எறக்கிக்கிட்டிருக்கறாரு. போன் ஒருதரம் எடுக்கலீன்னாலும் அம்மா செத்துரும்.”

சௌமியா மறுபடி உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் நினைக்காமலே தள்ளிவந்தது அதுதான். அப்பா இன்னும் போனை எடுக்கவில்லை.

அக்கா இலையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் அடங்கிப்போன குரலில் பேசினாள்; சௌமியாவுக்கு அது திட்டியதைவிடப் பயமாக இருந்தது.

“நான் போயிட்டா இந்த ரெண்டு ரூம்புல நீயும் அம்மாவும்தான். அம்மா போனப் பாத்துக்கிட்டிருக்கும். நீ அம்மாவப் பாத்துக்கிட்டிருக்கோணும். அது தெரியாத புள்ளையா நீ?”

சௌமியா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாசல் மூலையில் அக்காவின் செருப்புகள் இருந்தன. அக்கா வேலைக்குப் போன பிறகு அந்த இடம் காலியாகக் கிடப்பது அவளுக்குப் பழக்கம்தான். என்றைக்குமே காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாளா, இல்லையா? அக்காவின் அந்த வாக்கியத்தைக் கேட்பதற்கு முன்பா, பின்பா? எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

படியில் அம்மா ஏறிவரும் சத்தம் கேட்டது. நிறைகுடம் இடுப்பில் தளும்பித் தண்ணீர் ஒவ்வொரு படியிலும் சொட்டியது. கதவைத் தட்டினாள்.

“எதுக்குத் தாப்பாப் போட்டீங்க? தொறங்க சாமி, இடுப்பு போவுது.”

அக்கா எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறக்கவில்லை. கதவுக்குக் கீழே தண்ணீர் ஒரு கோடாக உள்ளே வந்தது.

“சொல்லு புள்ள” என்றாள், அம்மாவுக்குக் கேட்காத குரலில். “எனக்கோசரம் பண்ணுனியா, உனக்கோசரம் பண்ணுனியா?”