தம்பி ஆடாத ஆட்டம்

ஆசிய இளையோர் கால்பந்துக் கோப்பையில் இந்தியா ஆடிய முதல் ஆட்டத்தின் முப்பத்தொன்றாவது நிமிடத்தில், எதிரணிக்காரன் ஒருவனின் பூட்ஸ் சூர்யபிரகாஷின் இடது கெண்டைக்காலில் இறங்கியது. கிழிந்தது, ஜெகதாப்பட்டினத்தில் மீன் அலசிக்கொண்டிருந்த அவனுடைய அக்கா இளமதியின் கால். நாலு அங்குல நீளம், உள்ளே வெள்ளை தெரிகிற ஆழம். வளைகுடா நகரத்து மைதானத்தில் சூர்யபிரகாஷ் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து ஓடினான். இளமதி மஞ்சள்தூளை அப்பி, பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, மிச்ச மீனையும் அலசி முடித்தாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

இருவரும் திருவரங்குளத்து விவசாயி ரெங்கராஜுக்கு ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். அவள் பதினோரு நிமிடம் மூத்தவள் என்பதால் அவனுக்கு அக்கா ஆனாள். ஒருவருக்கு விழும் அடியின் வலியும் காயமும் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தன. அடி வாங்கிய உடம்பில் ஒரு கீறலும் இருக்காது. நாலாம் வகுப்பில் சூர்யபிரகாஷின் கையில் பிரம்பால் அடித்த ஆசிரியர், பெண்கள் வரிசையில் இளமதியின் உள்ளங்கை வீங்குவதைப் பார்த்துவிட்டு அதன்பின் இருவரையுமே அடிப்பதை விட்டார். அவன் புளியமரத்திலிருந்து விழுந்த வருஷம் மாவுக்கட்டு அவளுக்குப் போட்டார்கள். ஊர் இதை ஒரு ரத்த வகையைப் போல எடுத்துக்கொண்டது. வலி தெரியாதவன் எந்தக் காலுக்கு நடுவிலும் தலையைக் கொடுப்பான். அப்படித்தான் அவன் மாவட்ட அணிக்கும், மாநில அணிக்கும், கடைசியில் இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான தேசிய அணிக்கும் போனான். அஞ்சாத ஆட்டக்காரன் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குள் இளமதியின் தோள் எலும்பு இரண்டு முறை முறிந்து கூடியிருந்தது, கணுக்காலில் பட்ட அடிகளால் நடையும் லேசாகச் சாய்ந்திருந்தது. அவள் ஒருநாளும் ஆட வேண்டாம் என்று சொன்னதில்லை. அவன் கோல் போடும்போது அந்தக் கால் தன்னுடையதும்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

போன வருஷம் அவளை ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட்டில் மெஷின் பார்க்கும் கோபிநாத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம், நொண்டிப் பெண்ணைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லி அவன் முதல் அறை விட்டான். அவளுக்கு வலிக்கவில்லை, கன்னம் சிவக்கக்கூட இல்லை. அன்று மத்தியானமே பயிற்சி முகாமிலிருந்து போன் வந்தது.

"யாருக்கா ஒன்னைய அடிச்சது?"

"யாரும் அடிக்கலடா. கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"கதவுக்கு அஞ்சு வெரலு இருக்கா?"

முகாமை விட்டு வந்துவிட்டால் அவன் வாழ்க்கை போய்விடும் என்று அவள் கெஞ்சினாள். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அழாத பெண்டாட்டியை அடிப்பதில் கோபிநாத்துக்கு ஆத்திரம்தான் ஏறியது. கை, பிறகு பெல்ட், பிறகு ஐஸ் கட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியின் பிடி என்று வளர்ந்தான். தேசிய அணியின் டாக்டர் சூர்யபிரகாஷின் முதுகைப் பார்த்துவிட்டு, எந்தப் படுக்கையில் தூங்குகிறாய் என்று கேட்டார்.

இரண்டாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, இங்கே மாலை நான்கரை மணிக்கு. கோபிநாத்தும் இளமதியும் வீட்டில் டிவி முன்னால் இருந்தார்கள். நாற்பதாவது நிமிடம், டீ கேட்டது காதில் விழவில்லையா என்று அவள் முகத்தில் ஓங்கி அறைந்தான். ஒளிபரப்பு, மைதானத்தைவிட எட்டு விநாடி பிந்தி வந்துகொண்டிருந்தது. எட்டாவது விநாடியில் திரையில் சூர்யபிரகாஷ், பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல், முகத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். நடிக்கிறான் என்று நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். கோபிநாத் திரையைப் பார்த்தான். அடித்த தடமே இல்லாத அவள் கன்னத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எழுந்து வந்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே, அவள் வயிற்றில் உதைத்தான்.

"வேணாங்க, அவன் ஆடிக்கிட்டு இருக்கான்" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அது அவனுக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது உதை விழுந்து எட்டு விநாடி கழித்து சூர்யபிரகாஷ் பெனால்டி கட்டத்துக்குள் வாயில் ரத்தத்தோடு விழுந்தான். இரண்டாவது மஞ்சள், அதனால் சிவப்பு. பத்துப் பேரோடு இந்தியா இரண்டு கோலில் தோற்றது.

திருவரங்குளத்தில் கோவில் பக்கம் பெரிய திரை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முந்நூறு பேருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ரெங்கராஜும் பதினைந்து பேரும் ஒரு வேன் பிடித்து அன்று இரவே ஜெகதாப்பட்டினம் வந்து இறங்கினார்கள். கோபிநாத் அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தான். "டிவியில என்னமோ தெரிஞ்சுச்சுன்னா எனக்கென்னங்க மாமா? ஒங்க பொண்ணு மேல ஒரு கீறல் இருக்கான்னு பாத்துக்கங்க" என்றான். வேனில் வந்த பெண்கள் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். கெண்டைக்காலில் பந்தாட்டக் காயம் இருந்தது, வேறெதுவும் இல்லை. காயம் இல்லாத அடிக்கு எப்படிப் புகார் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ரெங்கராஜ் மகளை ஊருக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். வாசலில் கோபிநாத்தின் ஐஸ் பிளாண்ட் ஆட்கள் முப்பது பேர் கொக்கியோடு நின்றார்கள். தன்னால் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று பயந்து, இளமதியே அப்பாவைத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் அவன் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போன பிறகு தம்பி போனில் பேசினான். உதடு கிழிந்திருந்ததால் பேச்சு குழறியது.

"நான் கெளம்பி வாரேங்க்கா."

"வராத. ஒனக்கு அடுத்த ஆட்டம் எப்ப?"

"வியாழக்கெழம. நான் ஆட முடியாது. சிவப்பு வாங்குனவன் ஒரு ஆட்டம் வெளிய ஒக்காரணும்."

அவள் காலண்டரில் வியாழக்கிழமையைப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கு ஒன்னைய ஒருத்தனும் மிதிக்க மாட்டான்."

"மாட்டான்."

"எனக்கும் ஒண்ணும் ஆகாது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "எம்புட்டு நேரம் தாங்கணும்?" என்றான்.

"தெரியலடா. வெரசா முடிக்கப் பாக்குறேன்."

"நிதானமாவே செய்யி. நான் சும்மாதான ஒக்காந்திருக்கப் போறேன்."

வியாழக்கிழமையும் இங்கே நான்கரை ஆனபோது அங்கே விசில் ஊதினார்கள். வேலை முடிந்து வந்திருந்த கோபிநாத்தின் முன்னால் இளமதி கைப்பையோடு வந்து நின்று, "எங்க ஊருக்குப் போறேங்க" என்றாள். அவன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொக்கியை எடுத்தான். மைதானத்துக் கேலரியின் மூன்றாவது வரிசையில், தையல் பெட்டியோடு பக்கத்தில் உட்காரும்படி டாக்டரிடம் முன்பே சொல்லிவைத்திருந்த சூர்யபிரகாஷ், துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டான்.

முதல் அடி அவள் தலையில் விழுந்தது. அங்கே அவன் நெற்றி பிளந்தது. அவள் அடியைத் தடுக்கவும் இல்லை, விலகவும் இல்லை, நேராக அம்மியை நோக்கி நடந்தாள். நேரம் பிடிக்கப் பிடிக்கத் தம்பிக்குத் தையல் கூடும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. முதுகில் நாலு, விலாவில் இரண்டு. அவள் குழவியை இரண்டு கையாலும் தூக்கித் திரும்பினாள். அடித்தும் விழாத ஒருத்தி தன்னை நோக்கி வருவதை கோபிநாத் முதல் தடவையாகப் பார்த்தான். கொக்கியின் முனை அவள் தோளில் இறங்கியது; அவள் அதோடேயே நடந்து வந்து அவன் முழங்காலில் குழவியைப் போட்டாள். அவன் கீழே விழுந்து தரையில் ஊன்றிய வலது கையின் மேல் இன்னொரு தடவை. எலும்பு நொறுங்கும் சத்தத்தை அடுத்த வீட்டு ரஞ்சிதா, யாரோ ஐஸ் உடைக்கிறார்கள் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

அவன் அலறினான். இளமதி மூன்றாவது தடவை தூக்கிய குழவியை ஓரமாக வைத்துவிட்டு, தோளில் தொங்கிய கொக்கியைப் பிடுங்கிப் போட்டாள்.

"சாவியைக் குடுங்க" என்றாள்.

இடது கையால் எடுத்துக் கொடுத்தான்.

மொத்தம் ஒன்பது நிமிடம் ஆனது. சூர்யபிரகாஷுக்கு நாற்பத்தொரு தையல், ஒரு விலா எலும்பு முறிவு. மயங்குவதற்கு முன், ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டிருக்கிறான். இந்தியா அன்று ஒரு கோலில் ஜெயித்தது. காலிறுதியில், அவன் இல்லாமல், மூன்று கோலில் தோற்றது.

தன்னை அடித்து முடமாக்கினாள் என்று கோபிநாத் கேஸ் போட்டான். அவளை அடித்ததே இல்லை என்று ஊர் கூட்டி அவனே சொல்லியிருந்தது அவனுக்கு எதிராகவே போனது: அப்படியானால் அவள் ஏன் குழவியைத் தூக்கினாள் என்பதற்குக் காரணம் சொல்ல, அடித்ததை அவனே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது; கேஸ் நிற்கவில்லை. முழங்கால் பிறகு மடங்கவேயில்லை. மறு வருஷம் விவாகரத்து ஆனது. இளமதி இப்போது புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தம்பி இன்னமும் ஆடுகிறான். ஆட்டம் இருக்கும்போதெல்லாம் அவள் முன்கூட்டியே லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுவாள். காரணம் என்ற இடத்தில் 'தம்பிக்கு ஆட்டம்' என்று இருக்கும். சூப்பிரண்டெண்ட் பரிமளா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார்.

"எந்த நாட்டோடம்மா?"

இளமதி நாட்டின் பெயரைச் சொல்வாள்.

"அவிய்ங்க கணுக்காலத்தான் பாப்பாய்ங்க. மூணு நாளாப் போட்டுக்க" என்று அவர் ஒன்றைத் திருத்தி மூன்றாக்கிக் கையெழுத்துப் போடுவார்.